ரெண்டு வார ஹோம் ரனைப் பார்த்து பவர் ஹிட்டரை எடுக்காதீங்க

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு எங்க ஆபீஸ் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்ல ஆடுற தம்பிகிட்ட இருந்து மெசேஜ். "அண்ணா, ஃப்ரீ ஏஜென்ட்ல ஒருத்தன் கெடக்கான், ரெண்டு வாரத்துல ஏழு ஹோம் ரன், நான் எடுக்கலேன்னா காலைல வேற எவனாவது தூக்கிருவான், எடுக்கட்டுமா?"

ஃப்ரீ ஏஜென்ட்னா லீக்ல யாரும் எடுக்காம கெடக்குற பிளேயர், ஹோம் ரன்னா பந்த வேலிக்கு வெளிய அடிக்கிறது. இந்த மெசேஜ் எனக்கு ஒவ்வொரு சீசனும் வரும், ஏப்ரல்ல ஆரம்பிச்சா ஆகஸ்ட் வரைக்கும் நிக்காது. நான் டெக்ஸாஸ்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில டேட்டா அனலிஸ்ட், கூட வேலை பாக்குறவங்க பன்னெண்டு பேர் சேர்ந்து ஃபேன்டஸி பேஸ்பால் லீக் ஆடுறோம், அதாவது நெஜ பிளேயருங்கள வச்சு ஆளுக்கொரு டீம் கட்டி, அவங்க நெஜ மேட்ச்ல எடுக்குற கணக்க வச்சு போட்டி போடுறோம். கொஞ்சூண்டு டேட்டாவ வச்சு பெரிய முடிவு எடுத்துடாம பாத்துக்குறதுதான் என் வேலையில பாதி. ஒரே வண்டிக்கு ரெண்டு மாசத்துல மூணு கிளெய்ம் வந்துச்சுன்னு அந்த ஏரியா முழுக்க பிரீமியத்த ஏத்த மாட்டோம்ல, ஆனா அதே ஆளுங்க சாயங்காலம் லீக் ஆப்பத் தொறந்ததும் ரெண்டு வார கணக்க நம்பி நல்ல பிளேயரத் தூக்கிப் போட்டுடுறாங்க. எனக்கு அதப் பாக்க நெஜமாவே கஷ்டமா இருக்கும்.

ரெண்டு வாரம்னா ஒரு பேட்டர் ஏறக்குறைய அம்பது தடவ ஆட வருவான், அவ்வளவுதான். அதுல அடிச்ச ஏழு ஹோம் ரன்ல ரெண்டு சுவத்த உரசிட்டு போயிருக்கலாம், ஒண்ணு காத்து தள்ளுனதா இருக்கலாம். ஸ்கோர் ஷீட்ல எல்லாமே ஒண்ணுதான்.

ஒரு முழு சீசனே ஏமாத்தும். பால்டிமோர் ஓரியோல்ஸ்ல பிரேடி ஆண்டர்சன்னு ஒருத்தர், 1995ல 16 ஹோம் ரன், 1996ல 50, அடுத்த வருஷம் 18. அந்த ஒரு வருஷத்த விட்டா அவர் 24ஐ தாண்டினதே இல்ல. இன்னொரு பக்கம் டொரான்டோல ஹோசே பாட்டிஸ்டா, 2009ல 13 அடிச்சவர் 2010ல 54 அடிச்சார், எல்லாரும் இதுவும் அதே கதைதான்னு நெனச்சாங்க, ஆனா 2011லயும் 43 வந்துச்சு. பாட்டிஸ்டா விஷயத்துல கண்ணுக்குத் தெரியிற காரணம் இருந்துச்சு, ஸ்விங்க முன்னாடியே ஆரம்பிக்கக் கத்துக்கிட்டார், அதோட பலன் 2009 சீசன் கடைசிலயே தெரிய ஆரம்பிச்சிருச்சு. அதனால யாராவது திடீர்னு அடிச்சா நான் மொதல்ல தேடுறது என்ன மாறுச்சுன்னுதான். ஸ்விங்கா, நிக்கிற விதமா, சரியான காயமா, புது கிரவுண்டா? ஒண்ணுமே மாறலேன்னா ரொம்ப யோசிப்பேன்.

நல்லவேளையா இப்ப நமக்கு அன்னைக்கு இல்லாத வசதி இருக்கு. 2015ல இருந்து மேஜர் லீக் கிரவுண்ட் எல்லாத்துலயும் ஸ்டாட்காஸ்ட் வந்துருச்சு, பந்து பேட்ட விட்டு என்ன வேகத்துல எந்தக் கோணத்துல கெளம்புதுன்னு அளக்குறாங்க, பேஸ்பால் சாவந்த் சைட்ல காசில்லாமலே பாக்கலாம். மணிக்கு 95 மைலும் அதுக்கு மேலயும் போனா ஹார்ட் ஹிட். ஆனா பவர் ஹிட்டர் தேடுறவங்க பாக்க வேண்டியது பேரல்ங்கிற கணக்கு, குறைஞ்சது 98 மைல் வேகம், 26லிருந்து 30 டிகிரிக்குள்ள கோணம், வேகம் கூடக் கூட கோணத்துல இன்னும் கொஞ்சம் சலுகை கிடைக்கும். அப்படி அடிச்ச பந்துதான் திரும்பத் திரும்ப வேலிக்கு வெளிய போற பந்து. ஒருத்தன் அடிச்ச நூறு பந்துல பத்துக்கு மேல பேரல்னா என் லிஸ்ட்ல ஏறிடுவான், ஆரன் ஜட்ஜ் மாதிரி ஆளுங்க இருபதையே தாண்டுவாங்க, அவங்கெல்லாம் நமக்கு ஃப்ரீ ஏஜென்ட்ல கிடைக்கப் போறதில்ல.

வேகம் மட்டும் பாத்து மயங்கிடாதீங்கன்னு தனியா சொல்லணும். 2025 மே 25ஆம் தேதி பிட்ஸ்பர்க் ஓனீல் குரூஸ் 122.9 மைல்ல ஒரு ஹோம் ரன் அடிச்சார், ஸ்டாட்காஸ்ட் வந்ததுலேருந்து அதவிட வேகமா அதுவரைக்கும் எவனும் அடிச்சதில்ல. ஆனா அந்த சீசன் முடிஞ்சப்ப அவர் கணக்கு 20 ஹோம் ரன், ஆவரேஜ் .200, அதாவது பத்து அட் பேட்டுக்கு (வாக் மாதிரி சிலத விட்டுட்டு ஆட வந்த தடவை) ரெண்டே ஹிட். அவ்வளவு பலம் இருந்தும் பந்து பேட்ல படாம போறதும், பட்டாலும் தரையில உருண்டு போறதும் நெறைய. திருடுன பேஸ் (பிட்சர் பந்து போடுறப்பவே ஓடி அடுத்த பேஸப் புடிக்கிறது) 38 இருந்ததால அவர வச்சிருந்தவங்களுக்கு வேற வகைல லாபம்தான், ஆனா பவருக்குன்னே எடுத்தவங்க பாடு கஷ்டம்.

கிரவுண்ட் விஷயத்த நம்மாளுங்க பாக்கவே மாட்டேங்கிறாங்க. கிரிக்கெட்ல பவுண்டரி கயிறு எங்க இருக்குன்னு அவ்வளவு பேசுற நாம இங்க வந்ததும் மறந்துடுறோம். ஐசக் பரேடஸ் 2023ல டாம்பா பேக்கு 31 ஹோம் ரன் அடிச்சார், அவருக்கு பெரிய வேகமெல்லாம் கிடையாது, இடது பக்கக் கம்பத்த ஒட்டி உயரமா இழுத்து அடிக்கிறதுதான் அவரோட வித்தை. அந்த கிரவுண்ட்ல இடது மூலை 315 அடி. 2024 ஜூலைல சிகாகோ கப்ஸுக்கு ட்ரேட் ஆனார், ரிக்லி ஃபீல்ட்ல அதே மூலை 355 அடி, மிச்ச சீசன்ல ஹோம் ரன் வத்திப் போச்சு. அப்புறம் ஹூஸ்டன் போனார், அங்க மறுபடி 315, நடுவுல காயம்பட்டு உக்காந்திருந்தும் 2025ல 20 ஹோம் ரன். ஆள் அதே ஆள்தான். அதனால ட்ரேட் நியூஸ் வந்தா உடனே புது கிரவுண்ட் எத்தனை அடின்னு பாருங்க. டென்வர்ல காத்து லேசு, பந்து பறக்கும், அங்க ஆடுற பேட்டரோட கணக்குல சொந்த கிரவுண்ட் எவ்வளவு, வெளியூர் எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்காம எடுக்காதீங்க.

இப்ப ஆவரேஜ். கைல் ஷ்வார்பர் 2023ல 47 ஹோம் ரன் அடிச்சார், ஆவரேஜ் .197. இத வச்சுக்கலாமா வேணாமாங்கிறது உங்க லீக் ரூல பொறுத்தது. 550 அட் பேட்ல .250 அடிக்கிறவனுக்கும் .197 அடிக்கிறவனுக்கும் ஏறக்குறைய 30 ஹிட் வித்தியாசம், டீம் முழுக்க 7000 அட் பேட்னு வச்சா உங்க ஆவரேஜ் நாலு பாயின்ட் (.004) இறங்கும், எங்க லீக்ல அதுக்கே ஒண்ணு ரெண்டு இடம் கீழ போயிருவோம். ஆனா ஆவரேஜுக்கு பதிலா ஆன் பேஸ் (ஹிட்டோ வாக்கோ, எப்படியாவது பேஸுக்குப் போற விகிதம்) எண்ணுற லீக்னா அதே ஷ்வார்பர் தங்கம், ஏன்னா அந்த வருஷம் அவர் 126 வாக் (பிட்சர் நாலு பந்த தப்பா போட்டு சும்மாவே பேஸுக்குப் போறது) எடுத்திருக்கார். அதே மனுஷன் 2020ல .188 அடிச்சு, கப்ஸ் அவர ஒப்பந்தம் போடாம விட்டுட்டாங்க, ஆனா பந்து பேட்ல பட்டா கெளம்புற வேகம் அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. 2025ல 56 ஹோம் ரன். ஹோம் ரன் எண்ணிக்கை கம்மியா, அடி பலமா இருக்குற ஆளத்தான் சும்மா கிடக்குறப்ப எடுக்கணும்னு நான் சொல்றது இதனாலதான்.

அப்புறம் அவன் தெனமும் ஆடுறானான்னு பாருங்க. இடது கை பேட்டர் நெறைய பேர இடது கை பிட்சர் வந்தா பெஞ்ச்ல உக்கார வச்சிருவாங்க. பேட்டிங் ஆர்டர்ல ஒரு இடம் கீழ போனாலே 162 மேட்ச்ல ஏறக்குறைய 18 வாய்ப்பு குறையும், மூணாவது எறங்குறவனுக்கும் ஏழாவது எறங்குறவனுக்கும் எவ்வளவு வரும்னு நீங்களே பெருக்கிக்கோங்க.

தம்பியோட ஆளுக்கு வர்றேன். ரெண்டு பேரும் போன்லயே உக்காந்து பாத்தோம், ஏழுல நாலு பேரல்கூட இல்ல, இடது கை பிட்சர் வந்தா அவன ஆட விடறதே அபூர்வம். அதவிட, அவனுக்காக தம்பி விடப் போனது ஒரு க்ளோசர, அதாவது மேட்ச் கடைசில வந்து முன்னிலையக் காப்பாத்துற பிட்சர, அதுவும் சேவ்ஸ்ல (அப்படிக் காப்பாத்துன எண்ணிக்கை) மேல இருக்குற டீமுக்கும் இவனுக்கும் ரெண்டே ரெண்டு வித்தியாசம் இருக்குறப்ப. "அண்ணா, அத நான் பாக்கவே இல்ல"ன்னான். க்ளோசர அப்படியே வச்சுக்கிட்டு, பெஞ்ச்ல ஒரு மாசமா சும்மா இருந்த அவுட்ஃபீல்டர விட்டான். அந்த எடத்துக்கு ஆவரேஜ் .215ல கிடக்குற, ஆனா நூத்துக்கு பதிமூணு பேரல் அடிக்கிற, தெனமும் நாலாவதா எறங்குற ஒருத்தருக்கு க்ளெய்ம் போட்டிருக்கான், இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வெய்வர் ஓடும், அப்பத்தான் யாருக்கு எந்த பிளேயர்னு முடிவாகும்.