மாடு ஏன் சினை பிடிக்கல? காரணம் மூணு மாசத்துக்கு முன்னாடி இருக்கலாம்

மூணு தடவை சினை ஊசி (காளையோட விந்தை ஊசி மூலமா செலுத்தறது) போட்டும் சினை நிக்கலன்னா "இது ராசியில்லாத மாடு"ன்னு சொல்லி வித்துடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா பெரும்பாலும் தப்பு அந்த மாட்டு மேல இல்ல.

மாட்டுக்கு மாடு பால் அளவு வித்தியாசப்படுதுல்ல, அதுல சுமார் கால் பங்கு பரம்பரையால வருது. சினை பிடிக்கறதுல அது 4, 5 சதவீதம்தான். மிச்சம் தீவனம், வெயில், நோய், நம்ம கவனிப்பு.

கன்னு போட்டு ஒரு மாசம் ஆன மாட்டை பின்னாடி நின்னு பாருங்க, இடுப்பெலும்பு துருத்திட்டு தெரியும். பால் ஏறிட்டே போகுது, திங்கறது அதுக்கு பத்தல, அதனால உடம்புக் கொழுப்பைக் கரைச்சு மடிக்கு அனுப்புது. அப்போ மூளையில இருந்து சினைப்பைக்குப் போற ஹார்மோன் குறைஞ்சு பருவம், அதாவது மாடு சினைக்குத் தயாராகற நேரம், தள்ளிப் போயிடும். அதோட, ஒரு முட்டை சினைப்பைக்குள்ள வளந்து முழுசாக ரெண்டு மூணு மாசம் ஆகும், அப்ப பட்டினியோ வெயிலோ பட்டிருந்தா அந்த அடி இன்னைக்குப் போடற ஊசியிலதான் தெரியும். கோடை முடிஞ்சு குளிர்ச்சி வந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு மாடு சினை நிக்காததுக்கு இது ஒரு முக்கியமான காரணம். கரு உருவான முதல் ரெண்டு மூணு நாளும் சூடு தாங்காது, நிழலும் தண்ணியும் அப்போ உயிர் காக்கற விஷயம்.

அப்ப மரபணு முக்கியம் இல்லையான்னு கேட்டா, அப்படி இல்ல. 1962ல அமெரிக்காவுல பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்ங்கற ஹோல்ஸ்டீன் (கறவை இனம்) காளைக்கு 16,000 பொட்டைக் கன்னுக்கு மேல, பாலும் அருமை, அதனால அதோட வாரிசு உலகம் பூரா பரவிடுச்சு. அதுகிட்ட ஒரு பழுதான மரபணு ஒளிஞ்சிருந்துச்சு. அப்பா அம்மா ரெண்டு பக்கமும் அது வந்தா கரு வயித்துலயே செத்துடும். 2011ல டிஎன்ஏ தரவை அலசினப்போ, ரெட்டைப் பிரதியோட உயிருள்ள மாடு ஒண்ணுகூட இல்லன்னு கவனிச்சுதான் இதைக் கண்டுபிடிச்சாங்க. இப்ப காளைகளை டெஸ்ட் பண்ணி ஒதுக்க முடியுது, அதனால ஊசி போடும்போது காளையோட விவரத்தைக் கேளுங்க.

இன்னொண்ணு நேரம். பருவம் 21 நாளுக்கு ஒருதடவை, அதுவும் சில மணி நேரம்தான். கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும், வேற மாடு மேல ஏறினா அசையாம நிக்கும். காலையில அதைப் பாத்தா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பாத்தா மறுநாள் காலை.