புகை வராது, சரி, கிரிட் தாங்குமா?

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் உயர்தரப் பிள்ளைகளுக்கு மின்வலு பற்றிப் பேசப் போனால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சேர், புகையே வராத கரண்ட ஏன் வேணாம் எண்டு சொல்றாங்க?" இலங்கைக்கும் அணுமின்சாரம் வேண்டும், அது தூய மின்சாரம் என்று முன்வைப்பவர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள். மின் பொறியியலாளனாக நான் முதலில் ஒத்துக்கொள்வது, புகை விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி என்பதைத்தான்.

யுரேனியம் தோண்டுவதிலிருந்து உலையைக் கழற்றி மூடுவது வரை சேர்த்துப் பார்த்தாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 12 கிராம் கரியமில வாயு என்பது ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி 2014 இல் தந்த இடைநிலைக் கணக்கு. காற்றாலைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிலக்கரிக்கு 820.

"கச்சான் அடிக்கிற நேரம் கூடங்குளம் வெடிச்சா நஞ்சு இஞ்சதானே வரும் தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அணுகுண்டு போல வெடிக்காது; அதற்கு வேண்டிய யுரேனியச் செறிவு உலை எரிபொருளில் இல்லை. செர்னோபிலில் இல்லாத கொங்கிரீட் கவசக் கட்டடமும் கூடங்குளத்தில் உண்டு. ஆனால் இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளும் ஆதரவாளர்களை எனக்குப் பிடிப்பதில்லை. 2004 டிசம்பர் 26 இல் மட்டக்களப்பு நாவலடியை வாரிக்கொண்டு போன அதே சுனாமி தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் ஏறி, கடல்நீர்ப் பம்பு அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். 2011 இல் ஃபுகுஷிமாவிலும் உலைகள் நின்றன. நின்ற பிறகும் உள்ளே சூடு ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் பம்புகளுக்குக் கரண்ட் வேண்டும். வெளிமின்சாரம் ஏற்கெனவே அறுந்திருந்தது, டீசல் ஜெனரேட்டர்களும் அலையில் மூழ்கின. அணு உலைக்கே வெளியிலிருந்து கரண்ட் தேவை என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்த வெளிக்கரண்ட் எப்படி இருக்கிறது? 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது. குரங்கை வைத்துப் பகிடி விட்டவர்கள் காரணத்தைத் தவறவிட்டார்கள். ஞாயிறு பகல், தேவை குறைவு, கூரைச் சோலார் நிறைய. கிரிட்டை, அதாவது நாடு முழுக்க இணைந்த மின்வலையை, பிடித்து நிறுத்தும் மின்நிலையங்களின் கனமான சுழலிகள் சில மட்டுமே ஓடுகின்றன. அப்படியான நேரத்தில் ஒன்று கழன்றால் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸிலிருந்து சறுக்கும், மற்றவையும் தங்களைக் காத்துக்கொள்ளக் கழன்றுவிடும். சின்னத் தோணியில் பெரிய ஆள் ஒருவர் சட்டென்று குதித்த மாதிரி. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் விழுந்தது, அதனால் அடுத்த சில நாட்கள் கரண்ட் கட்.

நுரைச்சோலையில் ஓர் இயந்திரம் 300 மெகாவாட். கூடங்குளத்தில் ஓர் உலை 1,000. தனி இயந்திரம் ஒன்று கிரிட்டின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலின் கைக்கணக்கு. இரவு உச்சத்தில் 2,500 மெகாவாட்டைக் கொஞ்சம் தாண்டி, சாமத்துக்குப் பின் அதில் பாதிக்கு இறங்கும் கிரிட் நம்முடையது. இந்தியாவோடு கேபிள் இணைத்தால் பெரிதாகும் என்பார்கள். இணைத்தால் அங்கிருந்து கரண்டையே வாங்கலாமே.

அதனால்தான் இப்போது சிறு உலைகள் பற்றிய பேச்சு. அளவு நமக்குப் பொருந்தும், அதை மறுக்கவில்லை. ரஷ்யாவின் மிதக்கும் நிலையம் ஒன்று 35 மெகாவாட் உலைகள் இரண்டோடு 2020 இலிருந்து ஓடுகிறது. அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டமோ விலை ஏறி 2023 இல் கைவிடப்பட்டது. பெரிய உலைகளின் கதையும் இதுதான்: பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3 உலைக்கு 2005 இல் வேலை தொடங்கி, முழுதாக ஓட 2023 ஆனது. 2022 இல் கடன் கட்ட முடியாமல் கையை விரித்த நாடு, 18 வருடம் வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்குமா? எரிந்த எரிபொருளைப் புதைக்க அதே பின்லாந்து 400 மீற்றருக்கும் ஆழத்தில் பாறையைக் குடைந்திருக்கிறது.

அடுத்த கருத்தரங்கில் "தூயதா?" என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஓர் உலை எத்தனை மெகாவாட்? அதே உலை இன்று எந்த நாட்டில் ஓடுகிறது? நாடு இருண்டால் அதன் பம்புகளுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? எரிபொருளை விற்றவர் எரிந்த பிறகு அதைத் திருப்பி எடுப்பாரா, அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா?