ஒருவரின் ஜி.எஸ்.டி. எண் இன்னொருவர் பில்லில் ஏறுவது எப்படி?

ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத ஒரு சில்லறைக் கடைக்காரருக்குப் போட்ட பில்லில், அவருக்குச் சற்று முன்னால் சரக்கெடுத்துச் சென்ற வேறொருவரின் ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருந்தது. கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் கடை அது. ஆடிட்டர் கண்டுபிடித்துச் சத்தம் போட்ட பிறகுதான் என்னை அழைத்தார்கள். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் பழைய பில்லிங் மென்பொருள்களைப் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால் இந்தக் கோளாறு எனக்குப் புதிதன்று. திருமங்கலத்தில் ஓர் உரக்கடையிலும் உசிலம்பட்டியில் ஒரு ஹார்டுவேர் கடையிலும் இதையேதான் பார்த்தேன். கடைக்காரர்கள் சொல்லும் காரணம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். ஒருவர் வைரஸ் என்பார், ஒருவர் கரண்டு போய்விட்டு வந்ததுதான் காரணம் என்பார். பெரும்பாலானோர் பில் போடும் பையன்மீது பழியைப் போட்டுவிடுவார்கள். அந்தப் பையன் வாடிக்கையாளர் கோடை, அதாவது ஒவ்வொருவருக்கும் மென்பொருளில் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணை, சரியாகத்தான் அடித்திருப்பான்.

கோடை அடித்ததும் மென்பொருள் டேட்டாபேஸில் ஒரு க்வெரியை, அதாவது விவரம் கேட்கும் கட்டளையை, ஓட்டி, பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், பழைய பாக்கி ஆகியவற்றை எடுத்து, ஃபார்ம் என்னும் திரைப் படிவத்தில் உள்ள டெக்ஸ்ட் பாக்ஸ் பெட்டிகளில் ஒவ்வொன்றாக வைக்கிறது. இவ்வளவுதான் வேலை. இதை எழுதுவது எளிது என்பதாலேயே யாரும் இதைப் பற்றி இரண்டாவது முறை யோசிப்பதில்லை.

இங்கே உள்ள தவறான நம்பிக்கை ஒன்றை மட்டும் நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர் முதல் பதினைந்து கடைகளுக்கு மென்பொருள் விற்றவர் வரை எல்லோரிடமும் அது இருக்கிறது. டேட்டாபேஸில் ஒன்றும் இல்லையென்றால் டெக்ஸ்ட் பாக்ஸும் தானாகவே காலியாகிவிடும் என்பதுதான் அந்த நம்பிக்கை. ஆகாது. டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையில் எந்த நிரந்தரத் தொடர்பும் இல்லை. கடைசியாக அதில் எதை வைத்தீர்களோ, வேறொன்றை வைக்கும்வரை அல்லது நீங்களே அழிக்கும்வரை அதுதான் அங்கே இருக்கும். வைக்க வேண்டிய நிரல் வரி ஓடாமல் போனால், முந்தைய ஆளின் விவரம் புதிய ஆளின் பெயருக்குக் கீழே, எந்த அடையாளமும் இல்லாமல், அசல் போலவே நிற்கும்.

அந்த வரி ஏன் ஓடாமல் போகிறது? இந்த வட்டாரக் கடைகளில் நான் பார்க்கும் பழைய பில்லிங் மென்பொருள்களில் பெரும்பாலானவை விஷுவல் பேசிக் 6 (சுருக்கமாக விபி 6) என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டவை. அது 1998-இல் வந்தது. அதில் நிரல் எழுதும் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனாலும் அதில் எழுதிய மென்பொருள்கள் விண்டோஸில் இன்றும் ஓடுகின்றன. பழையது என்பதற்காக நான் அதைக் குறை சொல்லவில்லை. பொதுவாக ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத சரக்கு வணிகர் ஜி.எஸ்.டி.யில் பதிய வேண்டியதில்லை; எனவே சிறுகடைக்காரர்கள் பலருக்கு அந்த எண் இருக்காது, டேட்டாபேஸில் அந்த இடம் நல் (Null, அதாவது மதிப்பே பதியப்படாத நிலை) என்று கிடக்கும். நல் மதிப்பை விபி 6 டெக்ஸ்ட் பாக்ஸில் வைக்க முயன்றால் 94 என்ற எரர் வரும். க்வெரிக்கு ஒரு வரிசைகூட, அதாவது ஒரு பதிவுகூட, கிடைக்காத நிலையில் அதிலிருந்து படிக்க முயன்றால் 3021 வரும். இரண்டுமே நியாயமான எரர்கள். இங்கே ஏதோ சரியில்லை என்று மென்பொருள் தானாகவே சொல்கிறது. ஆனால் நிரலின் தலையில் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது என்ன செய்கிறது? எரர் வந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்கிறது. பெயர் மாறும், முகவரி மாறும், ஜி.எஸ்.டி. எண் மட்டும் மாறாது. அச்சிடும் பகுதி டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பதை எடுத்து பில்லில் அடித்துவிடும்.

அந்த வரி அங்கே வந்ததில் முதலாளிகளுக்கும் பங்குண்டு. “தம்பி, கடையில கூட்டம் நிக்கும்போது எரர் மெசேஜ் வரவே கூடாது, பாத்துக்கங்க” என்று என்னிடமே எத்தனையோ அண்ணாச்சிமார்கள் சொல்லியிருக்கிறார்கள். மெசேஜ் வராமல் செய்வது ஒரு வரி வேலை. எரர் வராமல் செய்வது இரண்டு நாள் வேலை. கேட்டது கிடைத்துவிட்டது என்று நீங்களும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள்.

மைக்ரோசாஃப்டின் புதிய டாட்நெட்டில் எழுதுகிறோம், எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அங்கேயும் ஒரே ஒரு மதிப்பை எடுத்துத் தரும் எக்ஸிக்யூட் ஸ்கேலர் என்ற கட்டளைக்கு வரிசையே கிடைக்காவிட்டால் ஒரு பதிலும், வரிசை கிடைத்து அதன் முதல் இடம் நல் என்று இருந்தால் வேறொரு பதிலும் வரும். முதலாவதை டூஸ்ட்ரிங் போட்டு எழுத்தாக மாற்ற முயன்றால் எரர். இரண்டாவதை அதே வழியில் மாற்றினால் வெற்று எழுத்து. இந்த வேறுபாடு தெரியாதவர் எரரைப் பிடிக்கும் ட்ரை கேட்ச் போட்டு, பிடித்த பிறகு செய்ய வேண்டியதை எழுதும் கேட்ச் பகுதியைக் காலியாக விட்டுவிடுகிறார். பெயர்தான் மாறியிருக்கிறது, அதே ரெஸ்யூம் நெக்ஸ்ட்தான்.

பழைய பாக்கியில் இது இன்னும் மோசமாகும். ஒரு வாடிக்கையாளரின் பாக்கியை சம் என்ற கூட்டல் கட்டளை போட்டு எடுக்கிறீர்கள். பொருந்தும் வரிசை ஒன்றுகூட இல்லையென்றால் சம் பூஜ்யத்தைத் தராது, நல் மதிப்பைத் தரும்; எண்ணிச் சொல்லும் கவுண்ட் மட்டும்தான் பூஜ்யம் தரும். அதே க்வெரியில், குழு குழுவாகப் பிரிக்கும் க்ரூப் பை சேர்த்திருந்தால் வரிசையே வராது. இதில் அடிபட்ட பிறகு சிலர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். அப்படியானால் கோடைத் தப்பாக அடித்தாலும் ‘பழைய பாக்கி 0’ என்று திரையில் தெரியும். மேலூரிலிருந்து வந்த கடைக்காரர் எண்பதாயிரம் கடனை வைத்துக்கொண்டு மேலும் ஒரு வண்டிச் சரக்கு ஏற்றிச் செல்வார். அப்படி ஓர் ஆளே இல்லை, ஆள் இருக்கிறார் ஆனால் பாக்கி பதியப்படவில்லை, பாக்கி உண்மையிலேயே பூஜ்யம்: இந்த மூன்றும் திரையில் மூன்று விதமாகத் தெரிய வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காட்டியதையே திருப்பிச் சேமிக்கும் மென்பொருள்கள் உண்டு. தனி எழுத்துருக்களை நம்பாமல் விண்டோஸில் தமிழைப் பதிய யூனிகோட்தான் வழி. விபி 6-இன் சொந்த டெக்ஸ்ட் பாக்ஸுக்கோ யூனிகோட் காட்டத் தெரியாது. எனவே தமிழில் பதிந்த பெயர் திரையில் கேள்விக்குறிகளாக வரும். அதோடு நின்றால் பரவாயில்லை. யாரோ ஒருவர் அந்த ஃபார்மைத் திறந்து, தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிச் சேவ் அழுத்துகிறார். கேள்விக்குறிகள் டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துவிடுகின்றன, பெயர் போனது போனதுதான். மாற்றிய இடத்தை மட்டும் சேமியுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது?

பில்லிங் மென்பொருளை வலைப்பக்கமாக எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடை அடிக்க அடிக்கப் பின்னணியில் விவரம் வரவழைக்கிறீர்கள் அல்லவா? 112 என்று அடித்து உடனே 113 என்று திருத்தினால், 112-க்கான பதில் தாமதமாக வந்து 113-இன் பெட்டியில் ஏறிவிட வாய்ப்புண்டு. வந்த பதில் இப்போது கேட்ட கோடுக்கு உரியதுதானா என்று பார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள். அங்குல அளவுக்கு இரட்டை மேற்கோள் குறி போடும் பைப், போல்ட் பெயர்கள் அந்தக் குறியோடு அறுந்து நிற்பதும் இந்த வகைதான். பக்கத்தின் நிரலில் பெட்டிக்கான மதிப்பு நிற்கும் வேல்யூ பகுதியில் எழுதும் முன் அந்தக் குறியை மாற்றி எழுத வேண்டும். க்வெரியில் கோடை நேரடியாக ஒட்டாதீர்கள், அதைத் தனியாக அனுப்பும் பாராமீட்டர் பயன்படுத்துங்கள் என்பதை இன்னும் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

நிரல் எழுதுபவர்கள் செய்ய வேண்டியது இதுதான். க்வெரியை ஓட்டுவதற்கு முன்னாலேயே எல்லா டெக்ஸ்ட் பாக்ஸ்களையும் காலி செய்யுங்கள்; ஓட்டிய பிறகு அன்று, முன்னால். எத்தனை வரிசை வந்தது என்று பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் ‘இந்தக் கோடில் யாரும் இல்லை’ என்று தமிழில் சொல்லி, அச்சிடும் பட்டனை முடக்குங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் லூப் போட்டு ஒரே பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதாதீர்கள், கடைசியாக வந்தது மட்டுமே மிஞ்சும். எந்த முறையில் அடுக்குவது என்று சொல்லும் ஆர்டர் பை இல்லாதபோது அது எது என்று உங்களுக்கே தெரியாது. பட்டியலாகக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நல் வந்தால் என்ன காட்டுவது என்பதை ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். பில்லை டெக்ஸ்ட் பாக்ஸிலிருந்து அச்சிடாதீர்கள். வாடிக்கையாளர் கோடை வைத்து டேட்டாபேஸிலிருந்தே மறுபடியும் எடுத்து அச்சிடுங்கள்.

கடை வைத்திருப்பவர்களை நான் அன்போடு கேட்டுக்கொள்வது, இன்று கடை சாத்துவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள் என்பதே. ஜி.எஸ்.டி. எண் உள்ள ஒரு வாடிக்கையாளரின் கோடை அடியுங்கள். ஃபார்மை மூடாமலேயே, எண் இல்லாத ஒருவரின் கோடை அடியுங்கள். பிறகு இல்லாத ஒரு கோடை அடியுங்கள். முதல் ஆளின் எண்ணோ முகவரியின் இரண்டாம் வரியோ பாக்கியோ எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், சரிசெய்யும்வரை அந்த ஃபார்மில் பில் போட வேண்டாம்; அவசரத்துக்கு ஒவ்வொரு பில்லுக்கும் ஃபார்மை மூடித் திறந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே போன பில்களையும் பார்த்துவிட வேண்டும். பில் விவரங்களில் ஒரே ஜி.எஸ்.டி. எண் வெவ்வேறு வாடிக்கையாளர் கோடுகளில் வந்திருக்கிறதா என்று ஒரு க்வெரி ஓட்டினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். சில மென்பொருள்கள் அச்சிட்ட எண்ணைச் சேமிப்பதில்லை, கோடை மட்டுமே சேமிக்கின்றன. அங்கே ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், அதாவது அரசுக்குத் தாக்கல் செய்யும் கணக்கு, சரியாகப் போயிருக்கும், காகிதம் மட்டும் தப்பாக இருக்கும், அதற்குப் பில் நகல்களைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ரிட்டர்னிலும் தப்பாகப் போயிருந்தால், வாங்காத சரக்குக்கான வரி வரவு அந்த இன்னொருவரின் வரி வரவைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் ஏறியிருக்கும், சரக்கு கைக்கு வராமல் அவர் அதை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது, தெரியாமல் எடுத்திருந்தால் சிக்கல் அவருக்கும் வரும். ஆகவே பட்டியலோடு ஆடிட்டரிடம் சென்று திருத்தத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதற்குக் காலவரம்பு உண்டு: அந்தப் பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவரைதான்.