காலிக் கட்டங்களை நிரப்புவது யார்? லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள் ஓடும் விதம்

தக்கலையில் டிடிபி கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது. என் பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. லினக்ஸ் போடச் சொல்கிறார்கள். ஆனால் கல்யாண அழைப்பிதழ், கோவில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ் எல்லாமே ஒரு பழைய விண்டோஸ் மென்பொருளில்தான் செய்கிறேன். அது லினக்ஸில் ஓடுமா? ஓடும் என்றால் எப்படி ஓடுகிறது?”

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இதே கேள்வி மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் பலருக்கு இருக்கும். பழைய டிடிபி, கணக்கு மென்பொருள்கள் பலவும் ஓடும். அதற்கு வைன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1993-இல் தொடங்கி, 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் தலைமையில் வளர்ந்து, 2008 ஜூனில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. பதினைந்து வருட உழைப்பு. எப்படி ஓடுகிறது என்பதுதான் இதில் அழகான பகுதி.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசரில்தான் ஓடுகின்றன. கூட்டு, ஒப்பிடு, அங்கே தாவு என்ற அடிப்படைக் கட்டளைகள் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே விண்டோஸ் மென்பொருளுக்குள் இருக்கும் கட்டளைகளை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை. ஃபைலைத் திற, ஜன்னலை வரை, பிரின்டருக்கு அனுப்பு என்று இயங்குதளத்திடம் வேலை கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

நம் மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. வயல் அதே வயல், தென்னை அதே தென்னை. மனு வாங்கும் அரசு மாறியது. பழைய அரசின் படிவத்தில் எழுதிய மனுவை வாங்கி, கேட்டதைப் புதிய அலுவலகத்தில் முடித்துக் கொடுக்கும் ஓர் ஆள் இருந்தால், மனுதாரருக்கு அரசு மாறியதே தெரியாது. அந்த ஆள்தான் வைன். நிலமே வேறாக இருந்தால் கதை வேறு. ராஸ்பெரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டரிலுள்ள ஏஆர்எம் பிராசசரில் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்க எமுலேட்டர் வேண்டும், வேகமும் குறையும். வைன் எமுலேட்டர் அல்ல. ‘வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்’ என்ற அதன் பெயரின் விரிவே அதைத்தான் சொல்கிறது.

மனு எப்படிக் கை மாறுகிறது? விண்டோஸ் மென்பொருள் ஃபைல் ஒன்றை பைட் பைட்டாகத் திறந்து பார்த்தால் முதல் இரண்டு பைட்டுகள் 77, 90. ஆங்கிலத்தில் எம், இசட் என்ற எழுத்துகள். இந்த வடிவத்தை உருவாக்கிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள். லினக்ஸ் நிரல்கள் 127, 69, 76, 70 என்று தொடங்கும். அதனால்தான் விண்டோஸ் ஃபைலை லினக்ஸ் நேரடியாக ஓட்ட மறுக்கிறது. வைன் அந்த ஃபைலை வாங்கி நினைவகத்தில் விரிக்கிறது.

விரித்ததும் உள்ளே ஒரு பட்டியல் கிடைக்கும். ‘கெர்னல்32 டிஎல்எல்லிலிருந்து கிரியேட்ஃபைல், ரீட்ஃபைல் வேண்டும்; ஜிடிஐ32-லிருந்து டெக்ஸ்ட்அவுட் வேண்டும்’ என்று தனக்குத் தேவையான ஃபங்ஷன்களை மென்பொருள் பெரும்பாலும் பெயர் சொல்லிக் கேட்டிருக்கும். ஃபங்ஷன் என்பது ஒரு வேலையை முடிக்கும் சின்ன நிரல்; டிஎல்எல் என்பது அப்படிப் பல ஃபங்ஷன்கள் அடங்கிய பொது ஃபைல். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு கட்டம் உண்டு. 32 பிட் மென்பொருளில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட். கடையில் விற்கப்படும்போது அந்தக் கட்டத்தில் சரியான முகவரி பொதுவாக இருக்காது. அந்த ஃபங்ஷன் உங்கள் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் எந்த இடத்தில் உட்காரும் என்பது எழுதியவருக்குத் தெரியாதே. அதனால் அவர் ‘இந்தக் கட்டத்தில் எந்த முகவரி இருக்கிறதோ, அங்கே போ’ என்று மட்டும் எழுதிவைத்திருக்கிறார். கட்டத்தை நிரப்புவது, மென்பொருளைத் தொடங்கி வைக்கும் லோடரின் வேலை.

விண்டோஸிலும் இதேதான் நடக்கிறது. அங்கே லோடர் விண்டோஸின் முகவரிகளை எழுதுகிறது. இங்கே வைனின் லோடர், அதே பெயரில் வைன் குழு எழுதிய ஃபங்ஷன்களின் முகவரிகளை எழுதுகிறது. மென்பொருளில் ஒரு கட்டளைகூட மாறவில்லை. அது வழக்கம்போல் கட்டத்தைப் பார்த்துத் தாவுகிறது, போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு. பலருடைய பல வருட வேலை இந்த 4 பைட் கட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

உங்கள் மென்பொருள் சி டிரைவில் ‘கொடை’ என்ற ஃபோல்டரிலிருந்து ஒரு படத்தைக் கேட்கிறது என்று வையுங்கள். உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் வைன் என்ற பெயரில் மறைந்திருக்கும் ஃபோல்டரில் சி டிரைவுக்கு ஓர் இணைப்பு இருக்கும். வைன் அதன் வழியே பாதையை லினக்ஸ் பாதையாக மாற்றுகிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். சொன்ன பெயரில் படம் கிடைக்காவிட்டால் வைன் ஃபோல்டரிலுள்ள ஒவ்வொரு பெயரையும் படித்து ஒப்பிடும். பத்தாயிரம் படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டி வைத்தால் மென்பொருள் திணறுவது இதனால்தான். வருடவாரியாகப் பிரித்து வையுங்கள். ஃபைல் திறந்ததும் லினக்ஸ் அதற்கு 3, 4, 5 என்று வரிசை எண் தரும். விண்டோஸ் மென்பொருளோ 4, 8, 12 என்று நான்கின் மடங்குகளாகப் பார்த்துப் பழகியது. வைன்சர்வர் என்ற பின்னணி நிரல் ஒரு பேரேடு வைத்து, எந்த எண் எதற்கு என்று கணக்குப் பார்க்கிறது.

கட்டத்தை நிரப்ப முடியாமல் போகும்போது என்ன ஆகும் என்று தெரிந்தால் பாதிக் கோளாறுகளை நீங்களே கண்டுபிடிக்கலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலான டெர்மினலிலிருந்து மென்பொருளைத் திறங்கள். ‘ஃபிக்ஸ்மீ’ என்று தொடங்கும் வரிகள் நிறைய ஓடும், பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாம். ‘எம்எஃப்சி42 டிஎல்எல் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் பிழை வரி வந்தால் முழு டிஎல்எல்லே இல்லை என்று அர்த்தம். வைன்ட்ரிக்ஸ் என்ற துணை நிரல் மூலம் அதை நிறுவினால் போதும். டிஎல்எல் இருந்து, ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் வைன் குழு இன்னும் எழுதவில்லை என்றால், அந்தக் கட்டத்தில் வைன் ஒரு போலி முகவரியை எழுதிவைக்கும். மென்பொருள் நன்றாகத் திறக்கும், நாள் முழுக்க ஓடும். அந்த ஃபங்ஷனைக் கேட்கும் மெனுவைத் தொட்டவுடன் விழும். ‘எப்போதும் ஒரே மெனுவில்தான் விழுகிறது’ என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அதற்காக இணையத்தில் கிடைக்கும் டிஎல்எல்களை இறக்கிப் போடாதீர்கள். கெர்னல்32, என்டிடிஎல்எல், யூசர்32, ஜிடிஐ32 ஆகியவற்றை விண்டோஸிலிருந்து கொண்டுவந்தால் வைன் மொத்தமாகக் கெடும்.

நிறுவும்போது வைனின் 32 பிட் பகுதி தனியாக இருந்தால் அதையும் சேர்த்து நிறுவ வேண்டும். பழைய டிடிபி மென்பொருள்கள் பெரும்பாலும் 32 பிட்தான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி வைன் ஃபோல்டர் கொடுங்கள். விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடான ரெஜிஸ்ட்ரி உட்பட எல்லாம் அதற்குள் அடங்கும், அதை ஒரே டார் ஃபைலாகக் கட்டிப் பென்டிரைவில் நகலெடுத்தால் அதுவே பேக்கப். ரூட் என்ற நிர்வாகி அதிகாரத்தில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். இசட் டிரைவ் வழியாக உங்கள் மொத்த லினக்ஸும் அந்த மென்பொருளுக்குத் தெரியும், வைரஸுக்கும் தெரியும். பிரின்டரை முதலில் லினக்ஸில் அமையுங்கள், வைன் அதை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் டிரைவர் சிடியை வைனுக்குள் போடுவது வீண்வேலை.

தமிழ் ஃபான்ட்தான் நம் கடைகளில் அதிகம் கழுத்தறுக்கும். பாமினி ஃபான்ட்டில் ‘அம்மா’ என்பது கம்ப்யூட்டருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எம் என்ற இடத்தில் அ-வின் படம், கே என்ற இடத்தில் ம-வின் படம் என்று ஃபான்ட்டில் வரைந்திருப்பதால்தான் நமக்குத் தமிழ் தெரிகிறது. ஃபான்ட் கிடைக்காவிட்டால் அழைப்பிதழ் முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, பயப்பட வேண்டாம். ஃபான்ட்டை வைனின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, மென்பொருளை மூடித் திறங்கள். சில எழுத்துகள் மட்டும் மாறித் தெரிந்தால் 128-க்கு மேற்பட்ட பைட்டுகளில் குழப்பம். மொழி அமைப்பை அமெரிக்க ஆங்கிலமாக வைத்துத் திறந்தால் 1252 என்ற குறியீட்டுப் பக்கம் வரும், எழுத்துகள் இடத்துக்கு வந்துவிடும்.

இந்த மாதிரித் தமிழ்க் கோளாறுகளை எங்கோ வெளிநாட்டில் இருந்து வைனை எழுதுபவர் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார். நாம்தான் எழுதி அனுப்ப வேண்டும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக், அரசுப் பணத்தில் பாஸ் லினக்ஸை உருவாக்கியது நல்ல காரியம். அதே அரசு, தமிழ் மென்பொருள்களை வைனில் சோதித்துத் திருத்த நாலைந்து பொறியாளர்களுக்குத் தொடர்ந்து சம்பளம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வருடாவருடம் லைசென்ஸுக்குப் போகும் தொகையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல. நம் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கும் மாணவர்கள், வைனில் இன்னும் எழுதப்படாத ஒரே ஒரு ஃபங்ஷனை எழுதினால்கூட அது உலகம் முழுக்கப் பயன்படும்.

வைன் கைவிடும் இடமும் உண்டு. யுஎஸ்பி லாக் செருகினால்தான் திறக்கும் மென்பொருளுக்குப் பெரும்பாலும் விண்டோஸின் உட்கருவான கெர்னலுக்குள் உட்காரும் டிரைவர் தேவை. லினக்ஸ் கெர்னலில் அதற்கு இடமில்லை. அங்கே வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உங்களிடமுள்ள லைசென்ஸுடன் உண்மையான விண்டோஸையே ஒரு ஜன்னலுக்குள் நிறுவுங்கள். எக்ஸ்பி என்றால் 1 ஜிபி நினைவகம் தாராளம், யுஎஸ்பி லாக்கை அதற்குள் ஒப்படைக்கும் வசதியும் உண்டு. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலேயே முடிந்துவிட்டதால், அந்த ஜன்னலுக்கு இணைய இணைப்பு கொடுக்காமல், படங்களைப் பகிர் ஃபோல்டர் வழியாக மட்டும் அனுப்புங்கள்.