சென்சார் ஒட்டுன எடத்துல ஏன் இப்படி அரிக்குது?

சர்க்கரை நோய் இருக்கவங்க சுகர் அளவை விடாம பாத்துக்கறதுக்கு கையில ஒட்டுற சுகர் சென்சார் 10 நாள், 14 நாள்னு அசையாம இருக்கணும், இன்சுலின் பம்ப் வச்சிருக்கவங்க ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா மருந்தை உடம்புக்குள்ள விடுற குழாய் செட்டை எடம் மாத்தி ஒட்டணும். உள்ள போற ஊசிய யாரும் அவ்வளவா குறை சொல்றதில்ல, ஆனா அந்த ஸ்டிக்கர் இருக்கே, அரிப்புல ஆரம்பிச்சு செவந்து போயி சில பேருக்கு கொப்புளமாகி தண்ணி வடியிற வரைக்கும் போகுது. உடனே "உனக்கு பசை அலர்ஜி"ன்னு பக்கத்துல இருக்கவங்க தீர்ப்பு சொல்லிடுவாங்க. பல பேருக்கு அது அலர்ஜியே கிடையாது, வெறும் எரிச்சல். வெளிய பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், உள்ள நடக்குற கதை வேற வேற.

தோலோட மேல் அடுக்கு செத்த செல்லுங்கதான். 15, 20 வரிசை இருந்தாலும் மொத்த கனம் ஒரு மில்லிமீட்டரை நூறா பிரிச்சா அதுல ஒரு பங்கோ ரெண்டு பங்கோதான் வரும். அதுவும் தெனம் உதிர்ந்து, ரெண்டு வாரம் போல ஆச்சுன்னா புதுசாயிடும். ஆக, 14 நாள் நிக்க வேண்டிய சென்சார், அதுக்குள்ள தானே உதிரப் போற ஒரு சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. இதுல போடுற அக்ரிலிக் பசை அழுத்த அழுத்த மெதுவா இளகி தோலோட வரிவரியான பள்ளத்துக்குள்ள எல்லாம் எறங்கிடும், அதனாலதான் மொத நாளை விட மூணாவது நாள் பிடி ஜாஸ்தி. கழட்டுன ஸ்டிக்கரோட பசைப் பக்கத்தை வெளிச்சத்துல பாருங்க, வெள்ளையா மாவு தூவுன மாதிரி தெரியும், நாலஞ்சு முடியும் சேந்து வந்திருக்கும். அந்த வெள்ளை நம்ம தோலுதான்.

படக்குனு பிச்சா செத்த செல்லோட நிக்காம அடியில இருக்கறதும் சேந்து வந்துடும். வேர்வை வேற உள்ளயே மாட்டிக்கிட்டு தோல் ஊறிப்போகும், நம்ம ஊரு மே மாசத்துல கேக்கவே வேணாம். இந்த வகை எரிச்சல் பெரும்பாலும் ஸ்டிக்கர் இருந்த அளவுக்குள்ளயே நிக்கும், கழட்டுன ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கிடும்.

அலர்ஜி அப்படி இல்ல. மாசக்கணக்கா எந்த தொந்தரவும் இல்லாம ஒட்டிக்கிட்டு இருந்தவங்களுக்கு திடீர்னு வரும். பசையில இருக்குற 500 டால்டனுக்கும் (மூலக்கூறோட எடைய சொல்ற அளவு) குறைவான குட்டி மூலக்கூறுங்க தோலுக்குள்ள நுழைஞ்சு நம்ம புரதத்தோட ஒட்டிக்கும், தோல்ல காவல் காக்குற லாங்கர்ஹான்ஸ் செல் அதை நிணநீர் முடிச்சுக்கு தூக்கிட்டுப் போயி, எதிர்ப்பு சக்தி செல்லான டி-செல்லுக்கு காட்டிக்குடுக்கும். டி-செல் அதை மறக்காது. அப்புறம் அதே பொருள் எப்ப பட்டாலும் ஒண்ணுலேருந்து மூணு நாளுக்குள்ள அரிப்பு கெளம்பும், ஸ்டிக்கர் ஓரத்தை தாண்டி பரவும், கழட்டுன பெறகும் வாரக்கணக்கா இருக்கும்.

இதுல பேர் போன கேஸ் ஐசோபோர்னைல் அக்ரிலேட்ங்கற ரசாயனம், அக்ரிலேட்னு சொல்ற பசை, பிளாஸ்டிக் ரசாயனக் குடும்பத்துல ஒண்ணு. ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார்ல இது இருக்குன்னு 2017ல பெல்ஜியம், ஸ்வீடன் ஆராய்ச்சிக்காரங்க வெளிய கொண்டாந்தாங்க. வேடிக்கை என்னன்னா தோல்ல ஒட்டுற பசைக்காக அதை யாரும் போடல, சென்சாரோட பிளாஸ்டிக் பாகங்களை சேக்குற எடத்துல இருந்தது மெல்ல கசிஞ்சு ஸ்டிக்கருக்கு வந்திருக்கு. 2020ல அமெரிக்க தோல் மருத்துவ சங்கம் ஒண்ணு இதை அந்த வருஷத்தோட அலர்ஜிப் பொருளாவே அறிவிச்சுது. பெறகு வந்த சில மாடல்ல இதை எடுத்துட்டாங்க, ஆனா வேற சாதனங்கள்ல வேற அக்ரிலேட் தலை காட்டுது. ஷாம்பூ பாட்டில்ல கூட உள்ள என்ன இருக்குன்னு அச்சடிக்கிறாங்க, ரெண்டு வாரம் உடம்போட ஒட்டிக்கெடக்குற பொருளுக்கு அந்த பட்டியல் வெளிய கெடைக்கறதில்ல, இது எனக்கு சுத்தமா புடிக்காத விஷயம்.

வெறும் எரிச்சல்னா சமாளிக்கலாம். ஸ்பிரிட் தொடச்சா நல்லா காஞ்ச பெறகு ஒட்டுங்க, லோஷன் மேல ஒட்டாதீங்க, ஒவ்வொரு தடவையும் எடம் மாத்துங்க. கழட்டும்போது ஓரத்துல பேபி ஆயிலோ சிலிக்கான் ரிமூவரோ விட்டு ஊற வச்சு, மேல தூக்காம தோலை ஒட்டினாப்புல மடிச்சு மெதுவா உரிங்க, தோலை இன்னொரு கையால அழுத்திப் புடிச்சுக்கோங்க.

அலர்ஜின்னா இதெல்லாம் பத்தாது. ஒட்டுறதுக்கு முன்னாடி தோல் மேல ஒரு படலமா அடிக்கிற பேரியர் ஸ்ப்ரே ரொம்ப மெல்லிசு, குட்டி மூலக்கூறு அதை தாண்டி வந்துடும். புண்ணுக்கு ஒட்டுற ஜெல் மாதிரி கனமான ஹைட்ரோகொல்லாய்ட் பட்டி அடியில வச்சா கொஞ்சம் தடுக்கும், ஆனா தோலுக்குள்ள போற சென்சார் இழையே அரை சென்டிமீட்டர் போலத்தான், பட்டி கனமா இருந்தா அந்த அளவுக்கு ஆழம் கொறையும், ரீடிங் கெட்டுப்போகலாம். மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரேய தோல்ல அடிச்சுக்கிட்டு ஒட்டுறவங்களும் இருக்காங்க, டாக்டரை கேக்காம அதை செய்யாதீங்க. சீழ் வச்சாலோ, சூடா வீங்குனாலோ அது கிருமித் தொற்று, உடனே காட்டணும்.

எந்த பொருள் அலர்ஜின்னு கண்டுபிடிக்க தோல் டாக்டர் பேட்ச் டெஸ்ட் பண்ணுவார், சந்தேகப்படுற பொருளுங்களை முதுகுல ஒட்டி 2 நாள் கழிச்சு எடுத்துப் பாத்துட்டு, இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாப்பாங்க. வழக்கமான டெஸ்ட் பட்டியல்ல ஐசோபோர்னைல் அக்ரிலேட் பல எடத்துல இருக்காது, கேட்டுதான் சேக்கணும். போகும்போது கழட்டுன சென்சாரை தூக்கிப் போடாம கொண்டு போங்க, டப்பாவுல இருக்குற மாடல் பேரையும் லாட் நம்பரையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஒரே கம்பெனியோட அடுத்த மாடல்ல பசையே வேறயா இருக்கலாம்.