சைட்டேஷன்: மேற்கோளா, சுட்டுகையா?

ஆய்வாளர் ஒருவரின் பெயரைச் சொன்னதும் இப்போதெல்லாம் அடுத்து வரும் கேள்வி, "அவருக்கு எத்தனை சைட்டேஷன்?" என்பதுதான், அதாவது அவர் எழுதியதை மற்ற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை தடவை குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பது. வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாவற்றிலும் அந்த எண்ணுக்கு ஒரு பங்கு வந்துவிட்டது. இவ்வளவு கனம் ஏறிய சொல்லைத் தமிழில் மேற்கோள் என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சொல்லின் வேர் லத்தீன். 'சிட்டாரே' என்றால் கிளப்பிவிடுதல், கூப்பிடுதல், வழக்கு மன்றத்துக்கு வரச்சொல்லி ஆணையிடுதல். ஆங்கிலத்திலும் சைட்டேஷன் முதலில் அழைப்பாணையைத்தான் குறித்தது. ஆளைக் கூப்பிடுவது போலவே ஒரு நூலையோ பழைய தீர்ப்பையோ சான்றுக்குக் கூப்பிடலாம் என்ற நிலையில்தான் இன்றைய பொருள் வந்தது. மன்றத்துக்குக் கூப்பிடப்பட்டவர் சாட்சியாகவும் இருக்கலாம், குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருக்கலாம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தீர்ப்பை யார் எங்கே எடுத்துப் பேசினார்கள் என்று தொகுக்கும் வழக்கமும் சட்டத்துறையிலிருந்து வந்ததுதான். 1873-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துப் பேசின என்று பட்டியல் போடத் தொடங்கினார். வழக்கறிஞருக்கு அது உயிர்நாடி, ஏனென்றால் தான் நம்பி வாதாடும் தீர்ப்பு இன்னும் நிற்கிறதா, மேல் மன்றம் அதை எப்போதோ தள்ளிவிட்டதா என்று தெரியாமல் எழுந்து பேச முடியாது. அதனால் அந்தப் பட்டியல்களில் 'உறுதி செய்யப்பட்டது', 'தள்ளப்பட்டது' என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறி உண்டு. இதைப் பார்த்துத்தான் யூஜின் கார்ஃபீல்டு, அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 1964-இல் அவருடைய அறிவியல் சுட்டுகை அட்டவணை (சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்) வெளிவந்தது. ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் வந்தவற்றைத் தேடிப்போக அது அருமையான வழி. ஆனால் பட்டியல் அறிவியலுக்கு வந்தபோது 'உறுதி', 'தள்ளுபடி' என்ற குறிகள் கூடவே வரவில்லை. அப்புறம் எண்ணத் தொடங்கினார்கள், எல்லாமே ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஏறிக்கொண்டே போனது.

தமிழ் மரபில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருந்தது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே 'முப்பஃது என்ப', அதாவது முப்பது என்பார்கள், என்று முன்னோரைச் சுட்டுகிறது, பெயர் சொல்லாவிட்டாலும். நன்னூல் இன்னும் தெளிவு. நூலாசிரியர் கொள்ளும் மதம், அதாவது நிலைப்பாடு, ஏழு என்கிறது: உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல், தானே நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், யாரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்ளுதல். பிறர் நூலை எதற்காக எடுக்கிறோம் என்று வகைபிரிக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது மேற்கோளுக்கு வருவோம். மேற்கொள்வது என்றால் ஏற்றுக்கொள்வது, தன்மேல் எடுத்துக்கொள்வது. அதனால்தான் நன்னூல் 'மேற்கொண்டு களைவு' என்று, களைவதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998-இல் 'லான்செட்' இதழில் வந்த வேக்ஃபீல்டு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. ஏராளமான கட்டுரைகள் அதைச் சுட்டியிருக்கின்றன, பெரும்பாலும் மறுப்பதற்காக. அத்தனையையும் 'மேற்கோள்' என்றால் பொருள் கெட்டுவிடுகிறது. இன்னொரு சிக்கல், வாசகத்தை அப்படியே எடுத்துப் போடுவதையும் மேற்கோள் என்றுதானே சொல்கிறோம், மேற்கோள் குறிகூட அதற்குத்தான் இருக்கிறது. சைட்டேஷனில் ஒரு சொல்கூட எடுத்துப் போட வேண்டியதில்லை. எடுத்தாளல் என்றும் சிலர் எழுதுகிறார்கள், அதிலும் பயன்படுத்திக்கொண்டதாக ஒரு சாயல் இருக்கிறது.

என் தேர்வு சுட்டுகை. சுட்டுவது நல்லதும் சொல்லாது கெட்டதும் சொல்லாது, 'அது', 'இது' போல இடத்தை மட்டும் காட்டும். எழுதும்போதும் வளைந்துகொடுக்கிறது: சுட்டினார், சுட்டப்பட்ட கட்டுரை, தன்னையே சுட்டினால் தற்சுட்டு.

இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. இண்டெக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சுட்டுவிரல் என்றும் பொருள், ஆகவே ஆய்வாளரின் தாக்கத்தை ஒரே எண்ணில் அளக்கும் எச்-இண்டெக்ஸை எச்-சுட்டெண் என்றால் குடும்பம் ஒன்றாகிவிடுகிறது. இயற்பியலாளர் ஹார்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தது அது. ஒருவருடைய கட்டுரைகள் முறையே 50, 30, 12, 6, 5, 3 தடவை சுட்டப்பட்டிருந்தால் அவருடைய சுட்டெண் 5, அதாவது ஐந்து கட்டுரைகளாவது தலா ஐந்து முறையாவது சுட்டப்பட்டிருக்கின்றன. சரி, வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி அது ஆயிரம் முறை சுட்டப்பட்டவருக்கு? வெறும் 1. சுட்டெண் குறையவும் குறையாது, எழுதுவதை நிறுத்தினாலும் பழைய கட்டுரைகளால் ஏறலாம்.

கூட்டாய்வு வந்தால் கணக்கு இன்னும் நெளிகிறது. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் அவர்கள் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போனது. அதன் ஒவ்வொரு சுட்டுகையும் வழக்கமான கணக்கில் அத்தனை பேருக்கும் முழுதாகச் சேரும். ஆளுக்கு இவ்வளவு என்று பின்னமாகப் பிரிக்கும் முறைகள் இருந்தும் பரவலாகவில்லை, எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. கணிதர்களிடையே எர்டிஷ் எண் என்று ஒன்று உண்டு: சுமார் 1,500 கட்டுரைகளை 500-க்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து எழுதிய பால் எர்டிஷோடு நேரடியாக எழுதியவருக்கு 1, அந்த வட்டத்தில் இல்லாமல் அவர்களில் ஒருவரோடு எழுதியவருக்கு 2. அது காட்டுவது தொலைவைத்தான், தாக்கத்தை அளக்க அதை எடுக்கக்கூடாது.

சேர்ந்து எழுதுபவரைக் கூட்டாசிரியர் என்பதே நல்லது. இணையாசிரியர் என்றால் இதழ்களில் ஆசிரியருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவரோடு குழப்பம் வரும்.