பக்கத்தில் பெரிய அடுக்குமாடி வருகிறதா? உங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள்

ஏரிக்கரையை ஒட்டி நூற்றுக்கணக்கான வீடுகள் வரப்போகின்றன என்று தெரிந்தால், "கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பார்கள், அங்கே பேசிக்கொள்வோம்" என்று தெருவே காத்திருக்கும். அப்படிக் காத்திருந்தே வாய்ப்பைத் தொலைத்தவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கூட்டம் நடக்காது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது.

அதனால் நீங்களாகத்தான் தேடிப் போக வேண்டும். மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் வேலையே தொடங்கக் கூடாது. எல்லாத் தளங்களும், தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கும் இந்தக் கணக்கில் சேரும். ஒரே வளாகத்தைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றும் 20,000-க்குக் கீழே என்று காட்டினால் விடாதீர்கள். ஒரே நுழைவாயில், ஒரே கழிவுநீர் நிலையம், ஒரே விளம்பரப் பிரசுரம் என்றால் அது ஒரே திட்டம் என்று எழுத்தில் கேளுங்கள்.

விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். ஆட்சேபணையை அனுமதி கொடுக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு, நிபுணர் குழு பரிசீலிப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். "எங்களுக்குப் பாதிப்பு" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்த் தூங்கும். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டு நகலையும், சர்வே எண்ணுக்கான புல வரைபடத்தையும் வைத்து, இந்த சர்வே எண்ணுக்குள் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறது என்று காட்டினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். புதிய உட்பிரிவு வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள், பழையதையும் கேட்டு வாங்குங்கள். வாய்க்கால் அதில்தான் தெளிவாக இருக்கும்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால், இனி நாள்தான் எதிரி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தரலாம். அதற்கு மேல் எவ்வளவு நியாயம் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். அனுமதி கிடைத்த 7 நாளுக்குள் நிறுவனம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். தருவார்கள், உள்பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள். அதில் நீங்கள் சொல்லும் நகர் பெயரோ பஸ் ஸ்டாப் பெயரோ இருக்காது. வருவாய்க் கிராமத்தின் பெயரும் வரிசையாக சர்வே எண்களும்தான் இருக்கும். ஆகவே அந்த எண்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி அலுவலகப் பலகையிலும் 30 நாள் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லையா, தேதி தெரியும்படி பலகையைப் படம் எடுத்து வையுங்கள். உங்களுக்கு என்றைக்குத் தெரிந்ததோ அன்றிலிருந்து நாளை எண்ணாதீர்கள். விளம்பரம், இணையதளப் பதிவேற்றம், எது முதலில் வந்ததோ அந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க" என்பார் அலுவலர். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புவீர்கள். பதிலுக்கே 30 நாள். பிறகு, "இது எங்கள் அலுவலகம் சார்ந்ததல்ல" என்று ஒரு வரி வரும். அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருக்கும். தகவல் கேளுங்கள், ஆனால் அந்தப் பதிலுக்காக மேல்முறையீட்டை நிறுத்தி வைக்காதீர்கள். அனுமதி ஆணையே இணையதளத்தில் இருக்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்? தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலசமஹாலில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதும் அப்படித்தான். கலெக்டர் அலுவலகம் தாசில்தாருக்கு அனுப்பும், தாசில்தார் உள்ளாட்சிக்கு அனுப்புவார். உள்ளாட்சி "சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி கொடுத்தது, நாங்கள் என்ன செய்ய" என்று கைவிரிக்கும். சிஎம்டிஏவோ, வெளியூர் என்றால் டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககமோ, "நீர்வளத் துறை தடையின்மைச் சான்று தந்திருக்கிறது" என்று காட்டும். எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், வேலை மட்டும் நடப்பதில்லை. மனு கொடுங்கள், முத்திரையிட்ட நகலையும் வாங்கி வையுங்கள். ஆனால் குறைதீர் மனு மேல்முறையீடு ஆகாது, அதனால் கெடு ஒரு நாள்கூட நீளாது. கிராம சபைத் தீர்மானமும் நல்ல ஆதாரம்தான், ஆனால் அது மட்டும் திட்டத்தை நிறுத்தாது.

கெடு தாண்டிவிட்டது என்றால் சிஎம்டிஏ அல்லது டிடிசிபி தந்த திட்ட அனுமதியின் நிபந்தனைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி நிலமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும், பணமாகக் கட்டித் தப்ப முடியாது. பத்திர எண்ணைக் கேளுங்கள், இடத்தைப் போய்ப் பாருங்கள். சுற்றுச்சுவருக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் உடனே புகார் எழுதுங்கள். பணி நிறைவுச் சான்று இல்லாமல் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது. அந்தச் சான்று கொடுப்பதற்கு முன்பே உங்கள் புகார் கோப்பில் ஏறியிருக்க வேண்டும்.